அணங்கும் யவனர் சொல்லும்

(மேற்குத் தாம்பரத்தில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் ஒரு பனைமட்டை கிடக்கிறது. மாடம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கத்தில் கேட்டு வாங்கி வந்தேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு அதன் ஓரம் தெரியும். கறுப்பாக, ரம்பப் பல் மாதிரி வரிசையாக இருக்கிறதே, அதற்குக் கருக்கு என்று பெயர். எதற்குக் கொண்டுவந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம்.

அது கிரேக்கச் சொல். கி.மு. 431-இல் ஏதென்ஸ் நகரத்தில் யூரிப்பிடீஸ் எழுதிய ‘மெடேயா’ நாடகம் அரங்கேறியது. நாடகம் தொடங்கும்போது மேடையில் ஒரு வயதான செவிலி தனியாக நிற்கிறாள். அந்தக் கப்பல் எங்கள் கரைக்கு வராமலே இருந்திருக்கக் கூடாதா என்று புலம்புகிறாள். கப்பல் வந்ததால் யாசோன் வந்தான். அவன் வந்ததால் மெடேயா ஊரையும் உறவையும் விட்டுவிட்டு அவனோடு கடல் தாண்டினாள். ஏன் தாண்டினாள் என்பதைச் செவிலி ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறாள்: ‘எக்பிளகேய்சா’. அடிக்கப்பட்டவள் என்று பொருள்; காதலால் நெஞ்சில் அடிக்கப்பட்டவள்.

இதன் அடியில் இருக்கும் வினை ‘பிளெசோ’. ஓங்கி அடிப்பது, அறைவது. பக்கவாதத்துக்கு மேல்நாட்டு மருத்துவர்கள் சொல்லிவந்த ‘அப்போப்ளெக்ஸி’ இந்த வேரில் வந்ததுதான். ஊரையே காலி செய்த பிளேக் நோயின் பெயரும் இந்தச் சொற்குடும்பத்தில் பிறந்தது. ஆக, காதலைச் சொல்லவந்த செவிலி மலரையும் நிலவையும் தேடிப் போகவில்லை. அடியைச் சொன்னாள். அதையும் செயப்பாட்டு வினையில் சொன்னாள். மெடேயா எதுவும் செய்யவில்லை, அவளுக்கு நேர்ந்தது.

இது தமிழுக்குப் புதிதா? இல்லவே இல்லை. ‘காதல் வயப்பட்டான்’ என்கிறோம். ‘ஆசைப்பட்டாள்’ என்கிறோம். அடிபட்டான், புண்பட்டான் என்பதில் வருகிற அதே ‘படு’தான் இதிலும் வருகிறது. ‘தாக்குண்டான்’ என்றால், தாக்குதலை உண்டவன். ‘எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது’ என்று நம் வீட்டுப் பெண் சொல்லும்போது, அந்த வாக்கியத்தில் அவள் எழுவாய்கூட இல்லை. நான்காம் வேற்றுமையில் ஓர் ஓரமாக நிற்கிறாள். ஏதோ ஒன்று அவளைப் பிடித்திருக்கிறது. காய்ச்சல் பிடித்தது, பேய் பிடித்தது என்பது போல. மூவாயிரம் மேடைகளில் காதலைப் பற்றிப் பேசினாலும் இந்த இலக்கணம் சொல்கிற அளவுக்கு உண்மையாகப் பேசிவிட முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

சங்க காலத்தார் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருந்தார்கள்: அணங்கு. வருத்தம், வருத்துகின்ற சக்தி, அந்தச் சக்தி குடியிருக்கும் மலை, சுனை, மரம், கடல், சில நேரம் ஒரு பெண்ணின் உடல், எல்லாவற்றுக்கும் அது வரும். அறிஞர்கள் இதைப் பற்றி நிறையவே வாதாடியிருக்கிறார்கள். ஜார்ஜ் ஹார்ட் இதைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய ஓர் ஆபத்தான புனித ஆற்றலாகக் கண்டு, பெண்ணோடு நெருக்கமாக இணைத்தார். 1986-இல் வி. எஸ். ராஜம் அம்மையார், சங்கப் பாடல்களில் அச்சொல் வரும் இடங்களை எடுத்துவைத்து, அதைப் பெண்ணின் ஆற்றல் என்று மட்டும் குறுக்குவது சரியல்ல என்று எழுதினார். நான் ராஜம் அம்மையார் பக்கம். பாடல்களில் ஆணும் வருத்துகிறான், தெய்வமும் வருத்துகிறது, மலையும் வருத்துகிறது. வருந்துகிறவர் யார் என்பதுதான் அந்தச் சொல்லின் மையம்.

வள்ளுவர் காமத்துப்பாலைத் தொடங்குவதே இந்தச் சொல்லை வைத்துத்தான். 109-ஆம் அதிகாரத்துக்குத் ‘தகையணங்குறுத்தல்’ என்று பெயர். அதன் இரண்டாம் குறளில் ‘தாக்கணங்கு’ என்று ஒரு சொல் வருகிறது. தாக்குகிற அணங்கு. அவள் பார்க்கிறாள், இவன் பார்க்கிறான். அவள் திரும்பப் பார்க்கும்போது தாக்கணங்கு ஒரு சேனையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது போல் இருக்கிறது இவனுக்கு. கிரேக்கச் செவிலியின் சொல்லுக்குத் தமிழில் ஒரு சொல் தர வேண்டுமென்றால் நான் தயங்காமல் இதைத்தான் தருவேன்.

கிரேக்கத்திலும் மலைக்கும் சுனைக்கும் காவல் பெண்கள் உண்டு. அவர்களால் பிடிக்கப்பட்டவனுக்கு ‘நிம்ஃபோலெப்டோஸ்’ என்று பெயர். ஏதென்ஸ் அருகே வாரி என்ற இடத்தில் ஒரு மலைக்குகை இருக்கிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் தேரா தீவைச் சேர்ந்த ஆர்க்கெதெமோஸ் என்ற ஒருவன், அணங்குகளின் சொல் கேட்டு அந்தக் குகையைச் செப்பனிட்டு, தன்னைப் ‘பிடிக்கப்பட்டவன்’ என்று பாறையிலேயே எழுதிவைத்தான். கையில் கல்தச்சன் கருவியோடு தன் உருவத்தையும் செதுக்கினான். நம் பல்லாவரம் குன்றிலும் மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிறது; அதில் அவன் பட்டப்பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். அரசன் தன் பெருமைகளைக் கல்லில் எழுதினான். தேராக்காரன் தன் அடியை எழுதினான். எனக்கு அந்த எளிய கல்தச்சனிடம்தான் நெருக்கம் அதிகம்.

அடி விழுந்ததும் என்ன ஆகிறது? கி.மு. 600-ஐ ஒட்டி, லெஸ்போஸ் தீவில் சாப்போ என்ற பெண் கவி இதை உறுப்பு உறுப்பாகச் சொன்னாள். நாக்கு உடைகிறது, தோலுக்கு அடியில் நெருப்பு ஓடுகிறது, கண் இருள்கிறது, காது இரைகிறது, வியர்க்கிறது, நடுங்குகிறது. கடைசியில் தன் நிறம் புல்லைக் காட்டிலும் பச்சையாகிவிட்டது என்கிறாள். இந்த இடத்தில் ஐரோப்பிய மொழிபெயர்ப்பாளர்கள் பலர் திணறுவார்கள். காதலித்தவள் எப்படிப் பச்சையாவாள்? ‘வெளிறினேன்’ என்று மாற்றிவிடுவார்கள்.

தமிழர்களுக்கு இதில் ஒரு திணறலும் இல்லை. பசலை! பசுமையிலிருந்து பிறந்த சொல். கடல் தாண்டி, மொழி தாண்டி, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மரபுகள் காதலின் நிறத்தைப் பச்சை என்றே கண்டிருக்கின்றன. குறுந்தொகை 399-ஆம் பாட்டில் பரணர் பசலையை ஊர்க்கேணியின் பாசிக்கு ஒப்பிடுகிறார். சேலையூர் ஏரியோ செம்பாக்கம் ஏரியோ, படித்துறையில் உட்கார்ந்து கையால் நீரைத் தள்ளிப் பாருங்கள். பாசி விலகும், கீழே தெளிந்த தண்ணீர் தெரியும். கையை எடுத்ததும் சத்தமில்லாமல் மறுபடி வந்து மூடிக்கொள்ளும். காதலன் தொடும்போது விலகி, கை எடுத்ததும் படர்கிறது பசலை. என் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் ஒரு வாளியில் பாசித் தண்ணீர் கொண்டுவரச் சொல்வேன். கையை விட்டுப் பார்த்த பிள்ளைக்கு உரை தேவைப்பட்டதில்லை.

இன்னொரு நுட்பம். கிரேக்கர்கள் ஆசையையே இரண்டாகப் பிரித்தார்கள். எதிரில் இருப்பவர் மேல் பாய்வது ‘ஹிமெரோஸ்’. எதிரில் இல்லாதவரை நினைத்து ஏங்குவது ‘பொத்தோஸ்’. பிளேட்டோ ‘கிராட்டிலஸ்’ என்ற நூலில் இந்த வேறுபாட்டைச் சொல்கிறார். மெகாரா நகரத்து அப்ரொதித்தே கோயிலில் ஸ்கோபாஸ் என்ற சிற்பி ஈரோஸ், ஹிமெரோஸ், பொத்தோஸ் மூவருக்கும் தனித்தனிச் சிலை செய்து வைத்திருந்தார். அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய அர்ரியன், அவன் புதிய இடங்களை நோக்கிக் கிளம்புவதைப் பல இடங்களில் ‘பொத்தோஸ் அவனைப் பிடித்தது’ என்றே எழுதுகிறார். பிடித்தது! நம் வாக்கியம்தான்.

நம் முன்னோர் இதை நிலத்தோடு சேர்த்துப் பிரித்தார்கள். கூடல் குறிஞ்சிக்கு. இருத்தல், அதாவது பிரிந்தவன் வருவான் என்று ஆற்றியிருத்தல், முல்லைக்கு. பொத்தோஸ் என்பது முழுக்க முல்லைச் சொல்.

முல்லை என்றதும் நம் பகுதிக்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. இன்று சேலையூரில் காட்டுக்கு நடுவே இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937-இல் தாம்பரத்துக்கு வருவதற்கு முன் ஜார்ஜ் டவுனில் இருந்தது. அங்கே 1898 முதல் 1911 வரை தமிழ் சொல்லிக்கொடுத்தவர் மறைமலை அடிகள். வேலையை விட்டபின் பல்லாவரத்தில் குடியேறி, 1950-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். கல்லூரிப் பணியில் இருந்தபோதே 1903-இல் முல்லைப்பாட்டுக்கு ஓர் ஆராய்ச்சியுரை வெளியிட்டார். பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. 103 அடிகள்தான். அரண்மனையில் அரசி தூக்கமில்லாமல் கிடக்கிறாள். பாசறையில் அரசனும் தூக்கமில்லாமல் கிடக்கிறான். அந்தக் கூடாரத்துக்குக் காவல் நிற்பவர்கள் யார் தெரியுமா? யவனர்கள். கிரேக்கர் முதலான மேல்நாட்டாருக்கு நம்மவர் சொன்ன பெயர் அது. சட்டை போட்ட, வலிமையான உடம்புள்ள யவனர்கள்.

கொஞ்சம் நின்று அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பொத்தோஸ் என்ற சொல்லைப் பிறந்ததிலிருந்து பேசியிருக்கக் கூடிய ஒருவன் வெளியே நிற்கிறான். தன் கரையை விட்டு வந்தவன், அவனுக்கும் அங்கே யாராவது காத்திருக்கலாம். உள்ளே, மனைவி அரண்மனையில் காத்திருக்க, போரையே நினைத்துத் தூங்காமல் ஒரு தமிழ் அரசன் கிடக்கிறான். இருவருக்கும் நடுவில் ஒரு துணித்திரை. நப்பூதனார் இதைத் திட்டமிட்டு எழுதினாரா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தத் திரை என் மனதை விட்டு நீங்கியதே இல்லை.

சரி, இனி நான் உண்மையில் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். அடிபட்டவரை வீடு என்ன செய்கிறது?

யூரிப்பிடீஸின் இன்னொரு நாடகம் ‘ஹிப்போலிட்டஸ்’, கி.மு. 428. ஃபெய்ட்ரா என்ற அரசி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. அவளும் காதலின் தார்க்குச்சியால் குத்துண்டவள். வாய் திறக்காமல் அழிந்துகொண்டிருக்கிறாள். ஊர்ப் பெண்கள் கூடி என்ன நோய் என்று யோசிக்கிறார்கள். மலைத்தெய்வம் ஏறிவிட்டதோ? பான் பிடித்தானோ? ஹெக்காத்தே பிடித்தாளோ? பூசையில் குறை வைத்தாளோ?

நம் அகப்பாட்டைப் படித்தவர்கள் இதைக் கேட்டதும் ‘வெறியாட்டு’ என்று சொல்லிவிடுவார்கள். பெண் மெலிகிறாள், பேசுவதில்லை. தாய் கழங்கு போட்டுப் பார்க்கிறாள். முருகு அணங்கிற்று என்று வருகிறது. முருகனின் பூசாரியான வேலன் வருகிறான், களம் இழைக்கிறான், ஆடு வெட்டுகிறான், இரவெல்லாம் ஆடுகிறான். நற்றிணை 34-இல் தோழிக்குக் கோபமே வந்துவிடுகிறது. இது உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும், கூப்பிட்டார்கள் என்பதற்காக இங்கே வந்து நிற்கிறாயே, நீ தெய்வமானாலும் அறியாதவன்தான் என்று முருகனையே கேட்டுவிடுகிறாள்.

இதைப் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். முப்பத்தொரு ஆண்டு நான் இந்தப் பகுதியில் தமிழ் ஆசிரியையாக இருந்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மாணவி. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் காலாண்டுக்குப் பிறகு வற்றத் தொடங்கினாள். மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு வந்தது. அடுத்த வாரம் கழுத்தில் தாயத்து. பிறகு எங்கோ போய் மந்திரித்து, நெற்றியில் எலுமிச்சம்பழம் தேய்த்த மஞ்சள் கறையோடு வகுப்புக்கு வந்தாள். ஒருநாள் ஓய்வறை வாசலில் நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ‘என்னம்மா, மார்க் ஏன் இப்படி இறங்குது?’ என்று கேட்டேன். ‘ஒண்ணுமில்லை டீச்சர்’ என்று போய்விட்டாள். குறுந்தொகையை அன்று காலைதான் நடத்தியிருந்தேன். வாளியில் பாசியைக் காட்டியவள், எதிரில் நின்ற பசலையைப் பார்க்கவில்லை.

பார்த்தவர் எங்கள் பள்ளி ஆயா. மணி அடித்து, வகுப்பறை பெருக்கும் அம்மா. மதியம் வேப்பமரத்தடியில் அவளை உட்காரவைத்து, ‘யாரு கண்ணு அது?’ என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் கேள்வி. பெண் அரைமணி நேரம் அழுதாள். பிறகு சொன்னாள். ஆயா யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. ‘உங்க அம்மாகிட்ட நான் பேசட்டுமா?’ என்று அவளிடம் கேட்டுவிட்டு, அவள் சரி என்ற பிறகு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தாயிடம் மட்டும் பேசினார். ‘அன்னிக்குதான் டீச்சர் அது டிபன் பாக்ஸ் காலி பண்ணுச்சு’ என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். அந்தக் காதல் கல்யாணத்தில் முடியவில்லை. சில மாதத்தில் தானாக அடங்கிவிட்டது. பெண் படித்தாள், இப்போது நன்றாக இருக்கிறாள். கயிறு கட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர், பயந்தவர்கள். ஆனால் நோயின் பெயரைச் சரியாகச் சொன்னவர் ஆயா ஒருவர்தான்.

ஆயா செய்ததற்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டாக ஒரு பெயர் இருக்கிறது: அறத்தொடு நிற்றல். தலைவி தோழியிடம் சொல்வாள். தோழி செவிலியிடம் சொல்வாள். செவிலி நற்றாயிடம் சொல்வாள். நற்றாய் தந்தையிடமும் அண்ணன்மாரிடமும் சொல்வாள். மறைவாக இருந்த காதலை வெளியே எடுத்துச் சொல்வதற்கு நம் இலக்கணக்காரர்கள் வைத்த பெயரில் ‘அறம்’ என்ற சொல் இருக்கிறது. காட்டிக்கொடுத்தல் என்று வைக்கவில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடியும், இதற்காகவே எழுந்தது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் என்றால் என்ன என்று அறிவிக்கப் பாடியது என்பார்கள். தொண்ணூற்றொன்பது பூக்களை எண்ணி மனப்பாடம் செய்யவைத்து விட்டுவிடுகிறோம். அந்தப் பூக்களுக்கு அப்பால் ஒரு தோழி நிற்கிறாள். நோய்க்குக் காரணம் தேடித் தெய்வம் தெய்வமாக வேண்டிக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம், பயந்து பயந்து, தலைவியின் மானமும் கெடாமல், உண்மையும் மறையாமல், நடந்ததைச் சொல்கிறாள். ஒரு வெளிநாட்டானுக்குத் தமிழின் சிறப்பைக் காட்டக் கபிலர் போர்ப்பாட்டு எதையும் எடுக்கவில்லை. இதை எடுத்தார்.

ஃபெய்ட்ராவின் செவிலியும் பேசினாள். ஆனால் எப்படிப் பேசினாள்? கெஞ்சிக் கூத்தாடி ரகசியத்தை வாங்கினாள். அவள் சம்மதம் இல்லாமல், சொல்லவே கூடாத ஒருவனிடம், ஃபெய்ட்ரா காதலித்த அந்த மாற்றாள் மகனிடமே போய்ச் சொன்னாள். ஃபெய்ட்ரா உயிரை மாய்த்துக்கொண்டாள். அவனும் மாண்டான். அவளுடையது மணத்தில் முடியக் கூடிய காதல் இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும், கேட்டறிந்ததை யாரிடம், யாருடைய சம்மதத்தோடு சொல்வது என்ற ஒன்றில் அந்தச் செவிலி தவறினாள். எங்கள் ஆயா தவறவில்லை.

தாய்மார்களுக்கு இன்னொரு தாயைக் காட்ட ஆசைப்படுகிறேன். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் சாலையில் போய்க் கோவளம் தாண்டினால் திருவிடந்தை. கல்யாணம் கூடிவர வேண்டும் என்று மாலையோடு போய் வலம் வந்திருப்பீர்கள். பெருமாள் கழுத்து மாலையைக் கொண்டுவந்து வீட்டில் பத்திரமாக வைத்திருப்பீர்கள். கல்யாணமானபின் காய்ந்துபோன அதே மாலையோடு மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு மறுபடி போயிருப்பீர்கள். அந்தத் தலத்துக்குத் திருமங்கையாழ்வார் பாடிய பதிகம் ஒரு தாயின் வாய்மொழி. மகள் பெருமாள் மேல் காதலால் உருகிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தாய் மகளை அதட்டவில்லை, பூசாரியைத் தேடவில்லை. நேரே பெருமாளிடம் போய், இவள் விஷயத்தில் நீ மனதில் என்ன நினைத்திருக்கிறாய் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறாள். மகளுக்காக வாதாடப் போன தாய். மாலை வாங்கப் போகும்போது அவளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 2024 பிப்ரவரியில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பள்ளிக்கரணையில், சாதி மாறி மணந்ததற்காக ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். சுமார் இரண்டு மாதத்தில் அவர் மனைவியும் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயதுவந்த இருவர் தாமாக விரும்பி மணப்பதற்கு, வீட்டாரோ சாதிப் பஞ்சாயத்தோ சம்மதம் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27-இல், சக்தி வாகினி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்து ஏறக்குறைய ஆறு ஆண்டு கழித்து இந்தக் கொலை. அறத்தொடு நிற்றல் என்ற சொல்லைப் பெற்ற ஊரில், சொல்ல வந்தவர்களுக்குக் காது கொடுக்காமல் அரிவாள் கொடுத்தார்கள். இதற்குப் பண்பாடு என்று பெயர் சொல்பவர்கள் நம் பண்பாட்டில் ஒரு பாட்டைக்கூடப் படித்ததில்லை.

இப்போது இளைஞர்களிடம் வருகிறேன். குறிப்பாகப் பையன்களிடம்.

சந்திரகுப்தனோடு போரிட்டுப் பின் உறவு கொண்ட செலூக்கஸை வரலாற்றில் படித்திருப்பீர்கள். மெகஸ்தனிஸை அனுப்பியவர். அவர் மகன் அந்தியோக்கஸ் படுத்த படுக்கையானான். எரசிஸ்திராத்தஸ் என்ற மருத்துவர் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அறைக்குள் யார் யார் வரும்போது என்ன ஆகிறது என்று கவனித்தார். செலூக்கஸின் இளம் மனைவி ஸ்திரத்தோனிக்கே உள்ளே வந்தால் மட்டும் பையனின் குரல் அடைக்கிறது, வியர்க்கிறது, நாடி தாறுமாறாக ஓடுகிறது. சாப்போ சொன்ன குறிகள் அத்தனையும் இருந்தன என்று புளூட்டார்க் எழுதுகிறார். நம் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவர்கள் இந்தக் கதையை ரசிப்பார்கள். மருத்துவர் நயமாக உண்மையை உடைத்தார். செலூக்கஸ் தன் மனைவியை மகனுக்கே மணம் செய்து வைத்தார். அப்பா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஓவியர்கள் பலர் இந்தக் காட்சியை வரைந்து தள்ளியிருக்கிறார்கள்.

நோயாளி பிழைத்தான். ஆனால், ஸ்திரத்தோனிக்கேயை யாராவது கேட்டார்களா? ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மருந்துபோல் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கதை எனக்கு அந்த இடத்தில் கசந்துவிடுகிறது.

அடிபட்டவர் எழுவாய் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். இது உனக்கு நேர்ந்தது, உன் குற்றமில்லை. அது உண்மை. ஆனால் உனக்கு அடி விழுந்தது என்பதற்காக அவள் உனக்குக் கடன்பட்டவள் ஆகிவிட மாட்டாள். 2022 அக்டோபரில், நாம் தினமும் ஏறி இறங்கும் இதே கடற்கரை - தாம்பரம் பாதையில், பரங்கிமலை நிலையத்தில், காதலை மறுத்த ஒரு கல்லூரி மாணவியை ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்றான் ஒருவன். அந்த நடைமேடையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது.

இந்தப் பனைமட்டை அதற்காகத்தான். நம் மரபில் மறுக்கப்பட்டவனுக்கும் ஒரு வழி சொல்லியிருந்தார்கள்: மடலேறுதல். பனை மடலால் குதிரை செய்வான். எருக்கம்பூ மாலை போட்டுக்கொள்வான். அந்தக் குதிரைமேல் உட்கார்ந்து தெருவில் வருவான். இந்தக் கருக்கு அவன் உடம்பைத்தான் அறுக்கும். ஊர் சிரிக்கும்; அவன் நாணத்தைத்தான் இழப்பான். மடலேறுதலைப் பாடும் அதிகாரத்துக்கு வள்ளுவர் ‘நாணுத்துறவுரைத்தல்’ என்றே பெயர் வைத்தார். யாரும் மடலேற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஊர் முன்னால் தன்னைக் கிழித்துக்கொள்வதும் அவள்மேல் ஒரு நெருக்கடிதான். அது பாட்டோடு நிற்கட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பழைய மனிதன் எவ்வளவு பித்துப்பிடித்த நிலையிலும் இந்தக் கருக்கைத் தன் பக்கம்தான் திருப்பினான். அவள் பக்கம் திருப்பவில்லை. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று தனியாகப் பிரித்து, அகன் ஐந்திணைக்குள் சேர்க்காமல் வெளியே வைத்தார் தொல்காப்பியர். ஒருத்தி சம்மதம் இல்லாத இடத்தில் அகம் இல்லை.

தொல்காப்பியர் இந்த நோயின் படிகளையும் எண்ணிச் சொல்கிறார். வேட்கையில் தொடங்கி, மெலிவு, மறதி, மயக்கம் என்று போய்ச் சாக்காட்டில் முடிகிற ஒன்பது படிகள். எந்தப் படியில் நின்றாலும் யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால் இறங்கி வரலாம். ஃபெய்ட்ரா வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மூன்று நாள்தான் அவளைத் தின்றது.

ஆகவே தாய்மார்களே, தந்தைமார்களே, வீட்டில் பிள்ளை சாப்பிடாமல் எழுந்து போனால் மார்க்கைக் கேட்காதீர்கள், கயிற்றைத் தேடாதீர்கள், யார் என்ன சாதி என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். தோழர்களே, தோழிகளே, உங்கள் அறைத்தோழன் நான்கு நாளாக மெஸ்ஸுக்கு வரவில்லை என்றால், கிண்டல் பண்ணாமல் கேளுங்கள். கேட்டதை அவன் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லாதீர்கள். பின்தொடர்கிறான், மிரட்டுகிறான் என்று ஒரு பெண் சொன்னால் அன்றைக்கே நம்புங்கள்.

சொல்ல ஆளில்லை என்று நினைப்பவர்களுக்கு: பெண்களுக்கான உதவி எண் 181. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.